சொல்லுக்கு வேலை கொடுங்கள்

ஆறாம் வகுப்பில் நுழைந்து 'நவுன் என்றால் என்ன?' என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் பதில் சொல்லும்: ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் பெயர். 'வெர்ப்?' என்றால், செயலைக் குறிக்கும் சொல். தடங்கலே இருக்காது. 'வாட்டர்' எந்த வகை என்று கேட்டாலும் 'நவுன்' என்று உடனே வரும். அதோடு விடாமல், 'வாட்டர் த பிளான்ட்ஸ்' என்று பலகையில் எழுதி, இங்கே அந்தச் சொல் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் நவுன் என்றே சாதிப்பார்கள். தண்ணீர் ஒரு பொருள், பொருளின் பெயர் நவுன், ஆகவே இதுவும் நவுன். பிள்ளைகளின் தர்க்கத்தில் பிழையே இல்லை. நாம் கொடுத்த வரையறையில்தான் ஓட்டை.

அந்த ஓட்டை சிறியதும் அல்ல. 'நோ', 'பிலாங்', 'இஸ்' ஆகிய மூன்றும் வினைச்சொற்கள். மூன்றிலும் கண்ணால் பார்க்கக்கூடிய செயல் எதுவும் கிடையாது. 'எ பிக் ஜம்ப்' என்னும்போது 'ஜம்ப்' முழுக்க முழுக்கச் செயல்தான். ஆனால் அது அங்கே பெயர்ச்சொல். ஆங்கிலம் தன் பழைய விகுதிகளில் பெரும்பாலானவற்றைச் சில நூற்றாண்டுகளில் உதிர்த்துவிட்ட மொழி. அதனால் ஒரே வடிவம் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். 'ஹேண்ட்', 'ஃபேஸ்', 'புக்', 'ஃபோன்', 'குக்' எல்லாம் இப்படித்தான். ஒரே ஆள் வீட்டில் அண்ணன், மைதானத்தில் கோல்கீப்பர் என்பது போல, சொல்லின் வகை அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. தமிழிலும் 'அடி', 'படி' போன்றவை இரண்டு பக்கமும் நிற்பவையே. ஆனால் 'அடியை' என்று உருபு ஏறினாலும் 'அடித்தான்' என்று காலம் ஏறினாலும் சந்தேகம் தீர்ந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் சொல்லின் இடம் செய்கிறது.

வரையறையை எப்படி அமைப்பது என்பதற்குத் தொல்காப்பியரிடமே வழி இருக்கிறது. வினைச்சொல்லை அவர் 'செயலைக் குறிப்பது' என்று சொல்லவில்லை. வேற்றுமை உருபு ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்கிறார். பொருளை விட்டுவிட்டு, சொல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கச் சொல்லும் சோதனை அது. வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் நடத்தையைச் சோதித்துப் பார்க்க முடியும். சோதனை என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு விளையாட்டுதான்.

ஆங்கிலச் சொல்வகைகள் எட்டு என்ற எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோனிசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணம் சொற்களை எட்டு வகையாகப் பிரித்தது. அவற்றில் ஒன்றான ஆர்ட்டிகிள் லத்தீனில் கிடையாது. எட்டு குறையாமல் இருக்க, 'ஐயோ', 'ஆகா' போன்ற உணர்ச்சிச் சொற்களைத் தனி வகையாக்கிக்கொண்டார்கள் லத்தீன் இலக்கண ஆசிரியர்கள். அந்த எட்டுதான் ஆங்கிலத்துக்கு வந்து, நம்மூரில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூல் வழியாக மனப்பாடமாகியிருக்கிறது. தொல்காப்பியர் பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு நிறுத்திக்கொண்டார். இன்றைய ஆங்கில இலக்கண நூல்கள் பலவும் அந்த எட்டைத் திருத்தி, 'த', 'திஸ்', 'மை' போன்றவற்றைத் தனி வகையாக வைக்கின்றன. ஆகவே எட்டையும் முதல் வாரத்திலேயே ஒப்பித்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.

செயல்பாடுகளுக்கு வருவோம். பல பள்ளிகளில் ஒரு மரம் வரைந்து, பச்சைத்தாள் இலைகளில் நவுன்களையும் சிவப்புத்தாள் பூக்களில் வெர்ப்களையும் எழுதி ஒட்டியிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். பிள்ளைகள் ஆசையாகச் செய்திருப்பார்கள். ஆனால் அது கற்பிக்க வேண்டியதற்கு நேர்மாறானதைக் கற்பிக்கிறது. வாக்கியம் இல்லாமல் தனியே தொங்கும் சொல்லுக்கு வகையே கிடையாது. 'வாட்டர்' இலையில் ஒட்டப்பட்டுவிட்டால் அது என்றைக்கும் நவுன்தான் என்று பிள்ளை முடிவு செய்துவிடும். கத்தரிக்கோலும் பசையும் மட்டும் ஒரு செயல்பாட்டைப் படைப்பூக்கம் உள்ளதாக ஆக்கிவிடுவதில்லை.

அந்த மரத்துக்குப் பதிலாக ஒரு கயிறு, சில துணிக் கிளிப்புகள், கிழித்த தினசரி காலண்டர் தாள்கள் போதும். தாளின் பின்பக்கம் சொல் எழுதலாம். பலகையில் இரண்டு வாக்கியங்களைக் கோடிட்ட இடத்தோடு எழுதுங்கள். முதலாவது, 'த' என்று தொடங்கி, இடைவெளி விட்டு, 'இஸ் ஹியர்' என்று முடிவது. இரண்டாவது, 'வீ கேன்' என்று தொடங்கி இடைவெளியில் முடிவது. இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. ஒவ்வொரு பிள்ளையும் தன் சொல்லை இரண்டு இடத்திலும் போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, பொருந்தும் கயிற்றில் மாட்ட வேண்டும். 'டாக்' முதல் கயிற்றில் மட்டும் நிற்கும். 'ஈட்' இரண்டாவதில் மட்டும். 'டான்ஸ்', 'குக்', 'வாட்டர்' வரும்போதுதான் வகுப்பு சூடு பிடிக்கும். இரண்டு கயிற்றிலும் மாட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். மாட்டலாம் என்று சொல்லிவிடாமல், 'மாட்டிப் படித்துக் காட்டு' என்று மட்டும் சொல்லுங்கள். கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு இதில் தனி வசதி உண்டு. 'கேட்ச் பிடிச்சான்', 'ரன் எடுத்தான்' என்று அந்த வினைச்சொற்களை அவர்கள் ஏற்கெனவே பெயராக்கிப் பழகியிருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து மூன்றாவது கயிறு: 'எ வெரி' என்பதற்கும் 'கேர்ள்' என்பதற்கும் நடுவே இடைவெளி. 'டால்', 'ஹேப்பி', 'க்ளெவர்' அங்கே குடியேறும். அதுவரை நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ் என்ற பெயர்களைச் சொல்லத் தேவையில்லை. முதல் கயிறு, இரண்டாம் கயிறு, மூன்றாம் கயிறு என்றே புழங்கட்டும். வேறுபாடு கைக்கு வந்தபின் பெயரைச் சொன்னால் ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும்.

மரியா மாண்டிசோரியின் இலக்கணக் குறிகளை இந்த இடத்தில் நினைக்கிறேன். பெயர்ச்சொல்லுக்குக் கறுப்பு முக்கோணம், அசையாமல் நிற்பது. வினைச்சொல்லுக்குச் சிவப்பு வட்டம், உருண்டு ஓடும் பந்து. குழந்தை அந்தக் குறியை வாக்கியத்தில் உள்ள சொல்லின் தலைக்கு மேல் வைக்கும். ஒரு வாக்கியத்தில் முக்கோணம் பெற்ற 'வாட்டர்' அடுத்த வாக்கியத்தில் வட்டம் பெறலாம். 1939இல் அடையாற்றுப் பிரம்மஞான சபைக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். இந்தக் குறிகளுக்கு விலையுயர்ந்த மரப்பெட்டி வேண்டாம். கறுப்பு, சிவப்பு அட்டைத் துண்டுகள் போதும்.

இன்னொரு சோதனை, பிள்ளைகள் மிகவும் ரசிப்பது: இல்லாத சொல்லை உண்டாக்குவது. ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1958இல் வெளியிட்ட ஆய்வில், கற்பனைப் பிராணி ஒன்றின் படத்தைக் காட்டி 'இது ஒரு வக்' என்றார். இரண்டு பிராணிகளைக் காட்டியதும் சின்னக் குழந்தைகள் 'வக்ஸ்' என்று தாமாகவே சொன்னார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத சொல்லுக்கு விதியைப் பொருத்தத் தெரிந்திருந்தது. நம் வகுப்பிலும் ஒவ்வொரு குழுவும் ஒரு பிராணியை வரைந்து பெயர் வைக்கட்டும். அது செய்யும் விசித்திரமான வேலைக்கு ஒரு வினையையும் உண்டாக்கட்டும். பிறகு கேள்விகள்: இரண்டு இருந்தால்? நேற்று அது என்ன செய்தது? இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது? பொருளே இல்லாத சொல்லுக்கு 'எஸ்', 'இங்', 'எட்' எல்லாம் ஒட்டிப் பழகும்போது, வகை என்பது பொருளில் இல்லை என்பது பிள்ளைக்குத் தானே விளங்கும்.

அமெரிக்காவில் லியனார்ட் ஸ்டெர்ன், ராஜர் பிரைஸ் இருவரும் 1958இல் புத்தகமாக்கிய 'மேட் லிப்ஸ்' ஆட்டத்தையும் எளிதாகச் செய்யலாம். ஆசிரியர் ஒரு சின்னக் கதையில் சில சொற்களை எடுத்துவிட்டு, கதையைக் காட்டாமலே 'ஒரு நவுன் கொடு, ஒரு வெர்ப் கொடு' என்று கேட்டு வாங்கி நிரப்பிப் படிப்பார். தலைமையாசிரியர் மேசைமேல் நீச்சலடிப்பார். வகுப்பு சிரித்துப் புரளும். கவனிக்க வேண்டியது, பொருள் கோணலானாலும் வாக்கியம் உடையாமல் நிற்பதை. யாராவது வினை கேட்ட இடத்தில் பெயரைக் கொடுத்துவிட்டால் வாக்கியமே உடையும். எது வேடிக்கை, எது உடைசல் என்று பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள்.

வினைச்சொல்லில்தான் தமிழ்ப் பிள்ளைக்கு உண்மையான மலையேற்றம். அதற்குக் காரணம் மந்தபுத்தி அல்ல, தமிழின் கட்டமைப்பு. அதை மறைக்காமல் வகுப்பின் நடுவில் கொண்டுவந்து வைப்பது நல்லது.

மூன்று பிள்ளைகளை வரிசையாக நிற்க வையுங்கள். கையில் 'மாலா', 'மாம்பழத்தை', 'சாப்பிட்டாள்' என்ற அட்டைகள். முதல் இருவரையும் இடம் மாற்றுங்கள். 'மாம்பழத்தை மாலா சாப்பிட்டாள்.' பொருள் மாறவில்லை. 'ஐ' உருபு காவல் காக்கிறது. மாலாவைப் போய் உட்காரச் சொல்லுங்கள். 'மாம்பழத்தைச் சாப்பிட்டாள்.' இன்னும் வாக்கியம் நிற்கிறது. சாப்பிட்டது ஒரு பெண் என்பதை வினையின் வாலே சொல்கிறது. இப்போது ஆங்கில அட்டைகள். வினைப்பிள்ளை கடைசி இடத்தை விட்டு நடுவே நடந்து வர வேண்டும்: 'மாலா ஏட் எ மேங்கோ.' இங்கே முதல் ஆளையும் கடைசி ஆளையும் மாற்றினால் மாம்பழம் மாலாவைச் சாப்பிட்டுவிடும். மாலாவை அனுப்பிவிட்டால் 'ஏட் எ மேங்கோ' என்று தலையில்லாமல் நிற்கும். யார் என்று கேட்க வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் எழுவாய் வரிசையை விட்டுப் போகக் கூடாது, வினை நடுவில் நிற்க வேண்டும் என்பதை விதியாக எழுதிப் போடுவதைவிட, ஒரு பிள்ளை நாலடி நடந்து தன் இடத்துக்கு வருவதை வகுப்பு பார்ப்பது நன்றாகப் பதியும். மழைக்கும் இதே கதை. 'மழை பெய்கிறது' என்பதை ஆங்கிலமாக்கும்போது எழுவாய் நாற்காலி காலியாகக் கிடக்கும். அதை நிரப்பத்தான் 'இட் இஸ் ரெய்னிங்' என்று ஓர் 'இட்' வந்து உட்காருகிறது.

அடுத்த சிக்கல் 'இஸ்'. 'என் அப்பா விவசாயி' என்பது தமிழில் நிறைவான வாக்கியம், வினையே வேண்டாம். அதனால்தான் 'மை ஃபாதர் ஃபார்மர்' என்று பிள்ளை எழுதுகிறது. 'ஹேவ்' என்ற வினையும் தமிழில் கிடையாது. 'என்னிடம் இருக்கிறது' என்று சுற்றிச் சொல்கிறோம். இந்த இரண்டையும் ஒரே ஆட்டத்தில் பழக்கலாம். ஒருவர் முதுகில் ஒரு விலங்கின் பெயரை எழுதிய சீட்டைக் குத்திவிடுங்கள்; அது என்ன என்று அவர் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். 'ஆம் ஐ எ பேர்ட்?' 'டு ஐ ஹேவ் விங்ஸ்?' 'கேன் ஐ ஸ்விம்?' என்ற மூன்று வகைக் கேள்விகள் மட்டும் செல்லும். தொடக்க நாள்களில் மாதிரிகள் பலகையில் இருக்கட்டும். 'ஆம் ஐ ஹேவ் விங்ஸ்?' என்று குழம்பினால் திட்டாமல், பலகையைப் பார்த்துத் திரும்பக் கேட்கச் சொன்னால் போதும். பதில் தெரிந்துகொள்ளும் ஆவலிலேயே பிள்ளை தன் கேள்வியைத் திருத்திக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் பிடிவாதமான பிழை 'டிட் யூ வென்ட்?' கல்லூரி முடித்தவர்களிடமும் கேட்கலாம். இதற்குக் காகித மாலை ஒன்று செய்துகொள்ளுங்கள். அதுதான் இறந்தகால மாலை. ஒரு வாக்கியத்தில் மாலை ஒன்றே ஒன்றுதான். 'யூ வென்ட் டு மதுரை' என்னும் வரிசையில் மாலை 'கோ' பிள்ளையின் கழுத்தில்; மாலை போட்டதால் அது 'வென்ட்' ஆகிவிட்டது. கேள்வியாக்க, 'டு' என்ற பிள்ளை வந்து வரிசையின் முன்னால் நின்று மாலையை வாங்கிக்கொள்கிறது. உடனே அது 'டிட்' ஆகிறது. மாலையைக் கொடுத்தவர் பழையபடி 'கோ'. 'டிட் யூ கோ டு மதுரை?' 'நாட்' வரும் வாக்கியத்துக்கும் இதுவே. 'டஸ்' வந்தால் 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து அட்டையை வைத்து இதையே ஆடலாம்.

இதைப் புரிந்துகொள்ளத் தேவையான அறிவு தமிழ்ப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'சட்டையை வாஷ் பண்ணினாயா?' என்று வீட்டில் கேட்கிறோம். 'வாஷ்' மாறுவதில்லை; காலத்தையும் கேள்வியையும் 'பண்ணு' சுமக்கிறது. 'டிட் யூ வாஷ்' என்பதிலும் அதே ஏற்பாடுதான்: காலம் துணைவினையில், முதல்வினை வெறுமனே. பேச்சுத் தமிழில் கலந்த ஆங்கிலத்தைக் கலப்படம் என்று விரட்டுவதைவிட, அதைக் காட்டி 'நீ இதை முன்பே செய்துகொண்டிருக்கிறாய்' என்று சொல்வது பிள்ளைக்குத் தெம்பு தரும். 'எஸ்டர்டே ஐ வாஷ்' என்ற பிழைக்கும் காரணம் இங்கேதான் கிடக்கிறது. பிள்ளை அந்தச் சொல்லைக் காலம் ஏறாத நிலையிலேயே கேட்டு வளர்ந்திருக்கிறது.

ஒழுங்கற்ற வினைகளை மூன்று நிரல்களில், அகர வரிசையில் மனப்பாடம் செய்ய வைப்பது வீண் சுமை. அந்தப் பட்டியல் பெரிதாகத் தெரிந்தாலும் ஒலியால் கூடும் குடும்பங்கள் அதில் உண்டு. 'சிங்-சாங்-சங்' வீட்டில் 'ரிங்', 'டிரிங்க்', 'ஸ்விம்' இருக்கும். 'ப்ளோ-ப்ளூ-ப்ளோன்' வீட்டில் 'க்ரோ', 'நோ', 'த்ரோ'. 'கீப்-கெப்ட்' வீட்டில் 'ஸ்லீப்', 'ஸ்வீப்', 'வீப்'. 'கட்', 'புட்', 'ஹிட்', 'ஷட்' மாறவே மாறாத வீடு. வகுப்பின் நான்கு மூலைகளையும் நான்கு வீடுகளாக்கி, கையில் அட்டையோடு பிள்ளைகள் தங்கள் வீட்டைத் தேடிப் போகட்டும். ஒவ்வொரு வீடும் தன் உறுப்பினர்கள் எல்லோரும் வருமாறு நேற்று நடந்த ஒரு கதையைச் சொல்லட்டும். எங்கும் சேராத 'கோ-வென்ட்' தனியே நிற்கும், அதனாலேயே மறக்காது. தமிழில் 'நில்' நின்றான் ஆவதையும் 'கேள்' கேட்டான் ஆவதையும் யாரும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. அடிக்கடி காதில் விழுந்ததால் வந்தது. ஆங்கிலத்திலும் மிக அதிகமாகப் புழங்கும் 'பி', 'ஹேவ்', 'டு', 'சே', 'கோ', 'கெட்', 'மேக்', 'நோ', 'டேக்', 'சீ' பத்தும் ஒழுங்கற்றவையே. கதை சொல்லச் சொன்னால் இவை வராமல் இருக்க முடியாது.

ஒழுங்கான வினைகளில் ஓர் உச்சரிப்புக் குறிப்பு மட்டும். 'வாஷ்-எட்', 'ஜம்ப்-எட்' என்று அசை கூட்டிச் சொல்வது பரவலான பழக்கம். ஒரு கைதட்டலில் 'வாஷ்ட்', இரண்டு கைதட்டலில் 'வான்டட்', 'நீடட்' என்று தட்டிப் பழகினால், டகர ஒலியில் முடியும் வினைக்கு மட்டுமே கூடுதல் அசை என்பது காதுக்குப் பிடிபடும்.

வினையடைக்கு நடிப்பு ஆட்டம். ஒருவர் வெளியே போக, வகுப்பு 'ஸ்லோலி', 'ஆங்க்ரிலி' போன்ற ஒரு சொல்லை முடிவு செய்கிறது. திரும்பி வந்தவர் 'வாக்', 'ரைட்', 'ஈட்' என்று கட்டளையிட, எல்லோரும் அந்த விதத்திலேயே செய்துகாட்ட வேண்டும். அவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டளைக்கு உடம்பால் பதில் சொல்லிக் கற்கும் முறையை 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் வளர்த்தெடுத்தார். பேசப் பயப்படும் பிள்ளைக்கு அது பெரிய அடைக்கலம். ஆனால் கட்டளையோடு நின்றுவிட்டால் ஏவல் வினை மட்டுமே வரும். 'வாட் டிட் ஹீ டூ?' என்று உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டு இறந்தகாலத்துக்கு இழுத்து வர வேண்டும். முன்னிடைச்சொற்களுக்கு ஓர் அழிப்பானும் டப்பாவும் போதும். தமிழின் 'இல்' ஒன்றே பெட்டியில், சுவரில், நிலையத்தில் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள, ஆங்கிலம் 'இன்', 'ஆன்', 'அட்' என்று பிரிப்பதால் வரும் குழப்பம் அது. கையால் வைத்துப் பழகினால் பெருமளவு தீரும்.

இவ்வளவு ஆடினால் பாடம் எப்போது முடிப்பது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஓர் ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம், அதற்குப்பின் பத்து நிமிடம் நோட்டில் ஐந்து சொந்த வாக்கியங்கள் என்று வைத்துக்கொண்டால் நாற்பது பேர் உள்ள வகுப்பிலும் நடக்கும். எழுதுவதை விட்டுவிட்ட ஆட்டம் மறுநாளே ஆவியாகிவிடும். இதில் நான் கறார். செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் தமிழகமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போன பிறகு, அட்டைகளும் ஆட்டங்களும் நம் ஆசிரியர்களுக்குப் புதியவை அல்ல. ஒவ்வோர் ஆட்டத்திலும் பிள்ளை எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கேள்விதான் பல சமயம் விடுபட்டுப் போகிறது.

இலக்கணப் பெயர்களே வேண்டாம் என்ற கட்சியும் உண்டு. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் நடத்திய பரிசோதனையில், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போட வைத்தார். கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானாக வளரும் என்பது அவர் நிலைப்பாடு. உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் இன்றும் எடுத்துப் பேசும் முயற்சி அது. அவரோடு பாதி தூரம் உடன்படுகிறேன். சின்ன வகுப்புகளுக்கு அது சரி. ஆறாம் வகுப்புக்கு மேல், வெளியே ஆங்கிலம் காதில் விழாத ஊர்களில், மாலை யார் கழுத்தில் இருக்கிறது என்று ஒரு முறை பெயர் சொல்லிக் காட்டிவிடுவது பல மாதக் குழப்பத்தைக் குறைக்கும்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பின்வரும் சொற்களின் வகையை எழுதுக' என்று தனிச் சொற்களை வரிசையாகக் கொடுக்கும் கேள்வியை விட்டுவிடுங்கள். ஒரே சொல்லை இரண்டு வாக்கியங்களில் கொடுத்து, இங்கே என்ன, அங்கே என்ன, எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். தேர்வில் அது வந்துவிட்டால், வகுப்பில் கயிறும் காலண்டர் தாளும் தாமாக வந்து சேரும்.